இரண்டு வீட்டுப் படமும் ஒரு பென்டிரைவும்

சின்னக் காஞ்சிபுரம்,
8-2-2007

சிரஞ்சீவி வாசுதேவுக்கு மாமா பராங்குசம் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கு எல்லோரும் சௌக்கியம், நீ சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய பென்டிரைவ் ஒன்றைத் தவிர.

அது நகரவில்லையப்பா. கோதாவின் கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அதில் ஏற்றி, சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவள் கையில் கொடுத்தாக வேண்டும். சம்பந்திகள் அவளை மைசூருக்கு அழைத்துப்போகக் கார் சொல்லியாயிற்று. இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு போட்டோக்காரரை வைத்ததால் படங்களும் இரண்டு தொகுதி. எதை முதலில் ஏற்றுவது? முகூர்த்தத்தன்று காபி முதலில் நம் பக்கத்துக்குப் போய்விட்டதென்று சம்பந்தியம்மாள் ரமாமணி மத்தியானம் இலையில் உட்கார மறுத்தது உனக்குத் தெரியும். இனி அந்த அம்மாளோடு காலந்தள்ளப் போகிறவள் கோதா, நானல்ல. ஆகவே முன்பின் என்ற பேச்சே வேண்டாமென்று இரண்டையும் ஒரே சமயத்தில் ஏறவிட்டேன்.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது. பாக்கி நாற்பது நிமிஷம் என்று காட்டியது. காபி குடித்துவிட்டு வந்தால் நாலு மணி நேரம் என்கிறது. அப்புறம் பதினோரு நிமிஷமாம். "நம்ம தளிகைக்காரர் மாதிரின்னா இது. கேட்டா 'இதோ ஆச்சு'ம்பார், உள்ளே போய்ப் பார்த்தா அரிசியே களைஞ்சிருக்காது" என்கிறாள் உன் மாமி அலமு. நீ போனில் சொன்னதையெல்லாம் செய்தேன். முன்பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்பக்கத்தில் செருகச் சொன்னாய். அதற்காக மேஜையை நகர்த்தி இடுப்பு பிடித்துக்கொண்டது. வைரஸ் பார்க்கிறதை நிறுத்தச் சொன்னாய், நிறுத்தினேன். ஃபார்மட் பண்ணச் சொன்னாய். பண்ணினேன், அதுவரை ஏறியிருந்ததும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் இரண்டையும் சேர்த்தேதான் மறுபடி ஆரம்பித்தேன். இப்போது மணி மூன்று. பச்சைப் பட்டை பாதியில் நிற்கிறது, எனக்குக் கோபம்கூட வரவில்லை. உன் சாமான் மட்டம், வாசு. கூரியரில் அனுப்புகிறேன், வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு.

அக்காவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். தீர்க்காயுஸாக இரு.

இப்படிக்கு,
மாமா பராங்குசம்

பின்குறிப்பு (மறுநாள் காலை): மூன்றரைக்குப் பிரவுசிங் சென்டர் குரு வந்து பார்த்தான். "பென்டிரைவ் நல்லாத்தான் இருக்குது சார். ரெண்டையும் ஒண்ணா ஏத்திக்கினு இருந்தா அது இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு அல்லாடுது. ஒண்ணு முடிச்சு ஒண்ணு போடுங்க, முக்கா மணியில முடிஞ்சிடும்" என்றான். ஒன்றை நிறுத்தக் கையை வைத்தேன். ரமாமணி அம்மாள் பின்னால் வந்து நின்றிருந்தார். திரையைப் பார்த்து, "அதென்ன, உங்காத்துப் படம் மேலயும் எங்காத்துப் படம் கீழயுமா ஓடறது?" என்று கேட்டார். இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

கோதா படமில்லாமலே காரில் ஏறினாள். "அவா எடுத்ததை மட்டும் போட்டுக் குடுத்திருக்கலாமேப்பா. நான் ரெண்டுலயும்தானே இருக்கேன்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எனக்குத் தோன்றவேயில்லை.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் பென்டிரைவைத் திருப்பி அனுப்பவில்லை. வீட்டுக்கு ஒன்றாக இருக்க இன்னொன்று வாங்கி அனுப்பு. இதே நிறம், இதே நீளமாக இருக்கட்டும்.