மாப்பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோன வண்டி

ஓர் ஆண்பிள்ளையின் கையில் வெல்டிங் மிஷினும், செல்போனில் நாலு வீடியோவும் கிடைத்துவிட்டால் அவன் குடும்பத்தைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது கடவுளா, அக்காவா என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. கெடுக்கப் பார்த்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. நான்தான்.

கோவில்பட்டியில் கோல்ஃப் கிடையாது. ஹாக்கி உண்டு, தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு கோல்கீப்பர் மேல்தான் விழவேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில் எனக்கு ஒரு கோல்ஃப் வண்டி வாய்த்தது. மூடிப்போன ஒரு நூல் மில்லில், வெளியூர் விருந்தாளிகளை உட்கார வைத்துச் சுற்றிக்காட்ட வாங்கிப் போட்டிருந்த பேட்டரி வண்டி அது. பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததை நானும் என் கூட்டாளி அந்தோணியும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அப்போது நான் டிப்ளமோ முடித்திருந்தேன். (மெக்கானிக்கல் இல்லை, சிவில். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

அமெரிக்காவில் சிலர் பழைய காரை எடுத்து, மூக்கைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பின்னால் ஆள் உயரத்துக்குச் சக்கரம் மாட்டி, முன்பக்கம் முழுக்கத் தீ எரிவதுபோல் பெயிண்ட் அடித்து ஓட்டுகிறார்கள். அதற்கு ஹாட் ராட் என்று பெயர். அதை வீடியோவில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்முடைய கோல்ஃப் வண்டியை ஏன் ஒரு ஹாட் ராட் ஆக்கக்கூடாது? ஏன் ஆக்கக்கூடாது என்று எடுத்துச் சொல்ல அன்று பக்கத்தில் ஒரு மனிதரும் இல்லை. அந்தோணி இருந்தான். அவன் என்னைவிட மோசம்.

வேலை நடந்தது அப்பாவின் வத்தல் குடோனில். அப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் வெல்டிங் வைப்போம், தும்முவோம், மறுபடி வெல்டிங் வைப்போம். டிராக்டர் டிரெய்லரின் சக்கரங்களைப் பின்னால் மாட்டுவதற்காக அச்சைக் கழற்றி, கண்ணில் நீர் வழிய வழியத் திரும்பப் பூட்டினோம். தலைகீழாகப் பூட்டிவிட்டோம் என்பது ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ‘முன்’ என்ற பக்கம் சுவிட்சைத் தட்டினால் வண்டி பின்னால் போயிற்று. ‘பின்’ என்று தட்டினால் ஜம்மென்று முன்னால் போயிற்று.

“திரும்பக் கழத்தணுமாலே?” என்றான் அந்தோணி.

“எதுக்கு? ஓட்டப் போறது நாமதான. நமக்குத் தெரியும்லா” என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசிய முட்டாள்தனமான வாக்கியங்களை வரிசைப்படுத்தினால் இதற்குத்தான் முதலிடம்.

அந்தோணி முன்பக்கம் தீ வரைந்தான். ஹாட் ராட் தீ பாய்ந்து பின்னால் பறக்க வேண்டும். இவன் வரைந்தது அடக்க ஒடுக்கமாக நின்று எரிந்தது, தீப்பெட்டிப் படம் மாதிரி. புகைக்குழாய்க்கு பிவிசி பைப்பில் வெள்ளி பெயிண்ட் அடித்துச் செருகினோம். பேட்டரி வண்டிக்கு எதற்குப் புகைக்குழாய் என்று கேட்பீர்கள். அழகுக்கு.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. அதற்கு முன்பு அவளுக்கு இரண்டு சம்பந்தம் பேசி முடித்து நின்றுபோயிருந்தன. ஒரு வீட்டில் ஜாதகத்தைச் சாக்குச் சொன்னார்கள். இன்னொருவர் காரணமே சொல்லாமல் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு அக்கா விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். மூன்றாவதாக வந்தவர் விளாத்திகுளத்து அத்தான். தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஒரு பெரியம்மா உண்டு. பெண் பார்க்க வரும் வழியில் பூனை குறுக்கே போயிற்று என்று வேனைத் திருப்பிக்கொண்டு போய், மறுநாள் வேறு ரோட்டில் வந்தவர். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் தாலி ஏற வேண்டுமே என்று வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏலே, ஒங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்தக் கல்யாணத்துல நீ எதுலயும் கைய வைக்காத. சாப்பிடு, போட்டோவுக்கு நில்லு. போதும்.”

“கையே வைக்க மாட்டேங்க்கா” என்றேன், கை நிறைய கிரீஸோடு.

ஐப்பசி மாதம், விடாத மழைக்கு நடுவே மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். அதற்குப் பேசியிருந்த திறந்த கார்க்காரர் கடைசி நேரத்தில் வண்டி ரிப்பேர் என்று போன் பண்ணிவிட்டார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் மெல்லப் போய் முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. அவருக்கு வேறு வழியும் இல்லை.

“ஓடுமாலே?”

“சூப்பரா ஓடும்ப்பா.”

எப்படி ஓடும் என்று அவர் கேட்கவில்லை.

வண்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றிக் கோவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெரியம்மா சுற்றி வந்து பார்த்தார்.

“என்ன தம்பி, வண்டி முன்னால தீப்புடிச்சு எரியுது?”

“டிசைன் பெரியம்மா.”

“கல்யாணத்துக்கு வார வண்டியில தீயா?” என்று அவர் ஆரம்பிக்கும்போதே அத்தான், “நல்லாத்தான இருக்கு” என்று சிரித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு அவர் அன்று கொடுத்த விலை பட்டு வேட்டி, சட்டை, ஒரு பக்கத்துச் செருப்பு.

மேளம் முன்னால் போக, ‘பின்’னில் சுவிட்சை வைத்து நான் அன்னநடையாக வண்டியை முன்னால் விட்டேன். ஊரே பார்த்தது. பெட்டிக்கடை பாய் எழுந்து நின்று பார்த்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. மண்டப வாசலில் நிறுத்தி சுவிட்சை அணைத்தபோது, அமெரிக்காக்காரன் இதைப் பார்த்தால் தொழிலை விட்டுவிடுவான் என்றுகூட நினைத்தேன்.

ஆரத்தித் தட்டோடு சித்தி நின்றாள். அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

“ஏலே, அங்கன சகதியா இருக்கு. இன்னும் கொஞ்சம் முன்னால வா” என்றார் அப்பா.

முன்னால் என்றார். நான் ‘முன்’ என்று தட்டி, பெருமையோடு மிதித்தேன்.

வண்டி அத்தானைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே பின்னால் பாய்ந்தது. பின்னால் வந்த ஜனம் வேலியோரம் சிதறியது. பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து மறுபடியும் அதையே மிதித்தேன். மாப்பிள்ளை எங்கே போனாலும் மேளம் கூடப் போக வேண்டும் என்பது மேளக்காரர்களின் தர்மம் போலிருக்கிறது. அவர்கள் வாசித்துக்கொண்டே எங்களைத் துரத்தினார்கள். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, பக்கத்துக் காலி நிலத்தில் போய் நின்றது. மழையில் ஊறிய கரிசல். செருப்பைப் பிடித்தால் காலைத்தான் திருப்பித் தரும். டிராக்டர் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. தீ எரியும் மூக்கு வானத்தைப் பார்த்தது, அத்தானும் மாலையோடு வானத்தைப் பார்த்தார்.

சித்தி கையிலிருந்த ஆரத்தித் தட்டு கீழே விழுந்து உருண்டது. யாரோ மண்டபத்துக்குள் ஓடினார்கள். மாடியில் மணப்பெண் அறைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி இதுதான்: மாப்பிள்ளை திரும்பிப் போயிட்டாராம்.

“அழைப்புக்கு வந்த மாப்பிள்ளை வாசல்லருந்து திரும்பிப் போறதா? இதவிட வேற என்ன சகுனம் வேணும்?” என்று பெரியம்மா ரோட்டோரம் நின்று ஆரம்பித்துவிட்டார்.

“நான் எங்க பெரியம்மா போனேன்? வண்டிதான் போச்சு” என்றார் அத்தான், முழங்கால் சகதியில் நின்றுகொண்டு.

“எதுல போனா என்ன, போனது போனதுதான். வேனக் கூப்பிடுங்கல.”

அப்பா கைகூப்பி நின்றார். வத்தல் விலை விழுந்தபோதுகூட யார் முன்னாலும் கைகூப்பாத மனிதர். எனக்கு ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே தைரியம் வரவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்தால் தேவலை என்று இருந்தது. கரிசல் அந்த உதவியைப் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் செய்தது.

அப்போது கூட்டம் விலகியது. அக்கா வந்தாள். பாதி முடித்த ஜடை அலங்காரம், வெறுங்கால், முகமெல்லாம் கண்ணீர். மணப்பெண் அந்த நேரத்தில் வாசல் தாண்டக்கூடாது. அவள் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, சகதிக்குள் இறங்கி அத்தானுக்கு எதிரில் வந்து நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, நடந்தே போவோம்” என்றாள். என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியம்மா அக்காவின் சேலைக் கரையில் ஏறிய கரிசலைப் பார்த்தார்.

“சரி, பொண்ணே எறங்கி வந்து கூப்ட்டாச்சு. இனிமே என்ன சகுனம் பாக்க? ஏட்டி, இன்னொரு ஆரத்தி கரைங்க” என்றார்.

மறுநாள் தாலி ஏறியது. நான் போட்டோவுக்கு மட்டும் நின்றேன்.

கல்யாண வீடியோ வந்தபோதுதான் அடுத்த கூத்து. ஸ்டுடியோக்காரருக்கு எங்கள் மேல் இரக்கம் வந்து, அந்தக் காட்சியை மட்டும் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டிருந்தார். அதில் என் வண்டி சகதியிலிருந்து கம்பீரமாக எழுந்து, நேராக மண்டப வாசலுக்கு வந்து நிற்கும். மேளக்காரர்கள் பின்பக்கமாக ஓடுவார்கள். தரையில் உருண்ட ஆரத்தித் தட்டு துள்ளிச் சித்தி கைக்குப் போகும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா வீட்டில் கடம்பூர் போளியோடு இது ஒரு சடங்கு. அத்தான், “எங்க மச்சினன் மாதிரி வண்டி ஓட்ட ஆள் கெடையாது” என்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்; பழகிவிட்டது.

இந்தப் பொங்கலுக்கு அக்கா மகள் புதிதாக ஒன்று கேட்டாள். வண்டி வந்து நின்றதும் அடுத்த காட்சி அக்கா வெளியே வருவது. அதை ஸ்டுடியோக்காரர் திருப்பவில்லை.

“அப்பாதான் வந்துட்டாங்களே. அம்மா எதுக்கு அழுதுட்டே வாராங்க?”

“ஒங்க அப்பாவும் என்னைய விட்டுட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன்டி” என்றாள் அக்கா, போளியைப் பிட்டு அவள் வாயில் வைத்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் அன்று என்னால் வந்த அவமானத்தில்தான் அழுதாள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னால் மட்டும் இந்தத் தடவை சிரிக்க முடியவில்லை.