சுகர் சாமியும் பட்ஜெட் அதிகாரியும்

கொட்டாம்பட்டி தாண்டியதும் கண்டக்டர்கள் இப்போது ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. "சுகர் சாமி கோயிலெல்லாம் எறங்கு!" என்று கத்துகிறார்கள். பாதி பஸ் காலியாகிவிடுகிறது.

சாமியின் பெயர் பேயாண்டி. முன்பு பேய் ஓட்டிக்கொண்டிருந்தார். பேய் பிடித்தவர்கள் குறைந்து சுகர் பிடித்தவர்கள் பெருகியதும் தொழிலை மாற்றிக்கொண்டார். காலமறிந்த சாமி.

அற்புதம் இதுதான். வலது கையில் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல். தின்று முடித்ததும் அதே கை விரலில் ஊசிக்குத்து, மெஷினில் ஒரு சொட்டு ரத்தம். சுகர் நானூறைத் தாண்டும். கூட்டம் அலறும். சாமி செம்பிலிருந்து தீர்த்தம் ஊற்றுவார். கையைத் தேய்த்துக் கழுவித் துடைத்ததும் மறுபடி ஒரு குத்து. பாதியாக இறங்கியிருக்கும்! குலவைச் சத்தம் நெடுஞ்சாலை வரை கேட்கும்.

அன்று கூட்டத்தில் ஒச்சாயியும் நின்றாள். பக்தியில் அல்ல, பயத்தில். சாமி பேச்சைக் கேட்டு இன்சுலின் ஊசியை நிறுத்தி, களத்துமேட்டில் மயங்கி விழுந்து பிழைத்தவள் அவள். ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, "ஒனக்கு நம்பிக்கை பத்தல" என்றார் சாமி. ஊசி நம்பிக்கையெல்லாம் கேட்பதில்லை. போட்டால் அது பாட்டுக்கு வேலை செய்கிறது. அதை அவள் விழுந்து பிழைத்த பிறகுதான் கவனித்தாள்.

இப்போது அந்த ஊசிக்கே ஆபத்து. தீர்த்தத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுத டெல்லியிலிருந்து பீமாராவ் என்றொரு பட்ஜெட் அதிகாரி வந்திருந்தார். தீர்த்தம் பலிக்கிறது என்று அவர் எழுதிவிட்டால், வரும் பட்ஜெட்டோடு இந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிக்கு இலவச இன்சுலின் நின்றுவிடும். கடையில் வாங்கிப் போட ஒச்சாயிக்கு வக்கில்லை.

"என்னக்கா, ஊசி நின்னா நல்லதுதான? குத்து மிச்சம்" என்றான் பக்கத்து வீட்டு வெள்ளைத்துரை.

"மொதக் குத்து ஒன் வாயிலதான்டா குத்தணும்."

பீமாராவைச் சொல்லியும் குற்றமில்லை. சுகாதாரச் செலவு ஊதிக்கொண்டே போகிறது. எங்காவது குறை என்று மேலிடம் நெருக்குகிறது. படித்தவர்கள் ஏமாறப் பக்தி வேண்டியதில்லை. செலவு மிச்சம் என்று காதில் ஓதினால் போதும், கண்கள் தாமாக மூடிக்கொள்ளும்.

கூடவே வந்திருந்த ஆஸ்பத்திரி டாக்டர் நாகஜோதி கேட்டாள்: "சார், உங்களுக்குச் சுகர் உண்டா?"

"இல்லையே. போன வாரம்தான் செக் பண்ணேன்."

"அப்ப நீங்களே கைய நீட்டுங்க."

சாமி பதறினார். "நோயில்லாத ஒடம்புக்குத் தீர்த்தம் பலிக்காது தாயி!"

"தீர்த்தம் வேணாம். பொங்கல் மட்டும் குடுங்க."

பீமாராவ் பொங்கலைத் தின்றார். நெய் மணத்தது. விரலில் குத்தினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு.

"டாக்டர்! ஆம்புலன்ஸ்!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தா, வாசல்ல கால் கழுவுற குழாய் இருக்கு. அதுல கையக் கழுவிட்டு வாங்க சார்" என்றாள் நாகஜோதி.

கழுவினார். துடைத்தார். குத்தினார்கள். நூற்று நான்கு.

"அக்கா, கொழாய்க்கும் சக்தி வந்துருச்சு!" என்றான் வெள்ளைத்துரை.

"பொங்கல் பிசுபிசுப்பு விரல்ல ஒட்டியிருந்துச்சு" என்றாள் டாக்டர். "மெஷின் ரத்தத்தோட சேத்து அதையும் படிச்சுது. கழுவுனதும் போயிருச்சு. அம்புட்டுத்தான் அற்புதம்."

பேயாண்டி பின்வாசலுக்குப் பாய்ந்தார். அங்கே அவர் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தியவர்களின் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். பேய் ஓட்டியவரை ஊர் ஓட்டியது.

பீமாராவ் எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப இந்தச் செலவை எங்கேதான் குறைக்கிறது?"

ஒச்சாயி முன்னால் வந்தாள். "ஐயா, கையக் கழுவுனா கையில ஒட்டுனதுதான் போகும். எங்களக் கைகழுவுனாலும் அதே கததான். ஒங்க கணக்குலதான் சீக்கு கொறையும், எங்க ஒடம்புல கொறையாது. இன்சுலின நிறுத்தக் கூடாதுன்னு எழுதுங்க. நின்னு பாத்துட்டுப் போறேன்."

அவர் எழுதினார். டாக்டரை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஒச்சாயி நகர்ந்தாள்.

வாசலில் புதுக் கூட்டம். கால் கழுவும் குழாய்க்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். வெள்ளைத்துரை பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒச்சாயி பாட்டிலைத் தட்டிவிட்டாள்.

"தலைய முடி எறக்க மட்டுமாடா வச்சிருக்கீங்க? உள்ள ஒண்ணு கெடக்குல்ல, அதையும் எடுத்துப் பொழங்குங்கடா!"