மாற்று சிப்

திரை கறுப்பாகவே இருந்தது. பல் டாக்டர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். உள்ளே விசிறி மட்டும் சுற்றியது, புரண்டு படுப்பவரின் பெருமூச்சைப்போல.

பக்கத்து அறையில் மனைவி படுத்திருந்தாள். கட்டட வரைபடம் போடுகிறவள். கம்ப்யூட்டர் அவளுடையது.

"என்ன பண்றீங்க?" என்றது தூக்கக் குரல்.

"சும்மா, தூசி தட்டறேன்."

"எழுந்ததும் படத்தை அனுப்பணும். இன்னிக்கு விட்டா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"நீ தூங்கு."

அவர் பயப்படவில்லை. கம்ப்யூட்டரை எழுப்பும் நிரல் மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில் இருக்கிறது. அதை மாற்றி எழுதிப் பார்ப்பதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. எதற்கும் இருக்கட்டும் என்று அதன்மேல் மாற்று சிப் ஒன்றைப் பொருத்தியிருந்தார். பக்கத்தில் குட்டி சுவிட்ச். இந்தப் பக்கம் பழையது, அந்தப் பக்கம் மாற்று.

அந்தப் பக்கம் தள்ளினார். திரை விடிந்தது.

இனி சுவிட்சை இந்தப் பக்கம் கொண்டுவந்து, செத்த பழைய சிப்பில்தான் நிரலைத் திரும்ப எழுத வேண்டும். ஜன்னலில் வெயில் மஞ்சளாக நின்றது. திரைச்சீலை உப்பி அடங்கியது. அதைப் பார்த்தபடியே நிரலில் ஒரு வரியைத் திருத்தி எழுதி முடித்தார். சுவிட்சைத் தள்ள மறந்துபோனார்; எழுதியது மாற்று சிப்பில் விழுந்து அதையும் கெடுத்தது.

இரண்டு பக்கமும் இருட்டு.

"இன்னுமா தூசி?"

"வருஷக்கணக்கா சேர்ந்திருக்கு."

மாற்று சிப்பைக் கழற்றித் திரும்பப் பொருத்தினால் சரியாகலாம். பல் பிடுங்கும் குறட்டை எடுத்தார். கைப்பழக்கம், லேசாக ஆட்டி இழுத்தார். மாற்று சிப் வந்தது. அடியிலிருந்த பழைய சிப்பும் வேரோடு வந்தது.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துச் சற்றுநேரம் பார்த்தார். பால்பற்கள் போல லேசாக இருந்தன.

கட்டில் முனகியது. அவர் செருப்பில்லாமல் மாடிக்கு ஏறினார். மேலே மனைவியின் தம்பி குடியிருந்தான். கொட்டாவியோடு கதவைத் திறந்தான்.

"மாப்ள, ஒரு கம்ப்யூட்டர் வேணும். உங்க அக்கா எழுந்திருக்கறதுக்குள்ள."

"என்கிட்ட ஏது மாமா?"

"உள்ள மேஜை மேல இருக்கே, அது என்ன?"

மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அது அக்காவோடது மாமா, நீங்க கிளினிக் போனதும் இங்க வந்துதான் படம் போடறா, கீழ இருக்கறது நீங்க நோண்டறதுக்குன்னு விட்டு வெச்சிருக்கா."