தூக்கத்தில் தின்ற வெண்ணெய்

பகல் தூக்கத்திலிருந்து எழுந்த ரொட்டிக்கடை அடுப்புக்காரர் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். வெண்ணெய்க் கட்டியில் பாதியைக் காணோம்.

"போச்சு! நான்தான் தின்னிருக்கேன்."

"எப்போ?" என்றாள் மனைவி.

"இப்பதான், தூக்கத்துல. வெண்ணெய் ஆத்துல மல்லாந்து மிதக்கற மாதிரி கனவு. வாயைத் திறந்தா அலை அலையா உள்ள போகுது."

போன மாதம்தான் டாக்டர் எச்சரித்திருந்தார். "கொழுப்பு மிதமிஞ்சிப் போனா குடலுக்குள்ள வீக்கம் வரலாம். அது வருஷக்கணக்கா ஆறாம கிடந்தா புற்றுநோய் வர்ற வாய்ப்பும் கூடலாம்." அன்று இருவரையும் எடை பார்த்து அனுப்பினார்கள். அடுப்புக்காரரின் அப்பா குடல் புற்றுநோயில் போனவர். அப்பாவின் அதே வாய், அதே வயிறு. வெண்ணெயை அன்றே விட்டார். முதலாளி வாராவாரம் இனாமாகக் கொடுக்கும் வெண்ணெய்க் கட்டியை மட்டும் மறுக்க முடியவில்லை.

"வேண்டாம்னா பாவம், அவர் மனசு நோகும்" என்று மனைவிதான் தடுத்தாள்.

இப்போது ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டார். சாவி மனைவியிடம். மறுநாள் கனவில் மேகமெல்லாம் மஞ்சளாக உருகிச் சொட்டியது. எழுந்து பார்த்தால் மீதிப் பாதியும் காலி. பூட்டு பூட்டியபடி இருந்தது.

"என் முந்தானையில முடிஞ்ச சாவியை எடுத்துட்டு, மறுபடி முடிஞ்சும் வச்சிருக்கீங்க. கில்லாடிதான்!"

அடுத்த வாரம் புதுக் கட்டி வந்தது. காலைக் கட்டிலோடு கட்டச் சொல்லிப் படுத்தார். திரைச்சீலையில் வெயில் வெண்ணெயாக வழிய, அப்படியே தூக்கத்தில் கரைந்து போனார். எழுந்தபோது கட்டியோடு பாலாடைக்கட்டியும் போயிருந்தது. கயிறு காலிலேயே இருந்தது.

"முடிச்சைக்கூட நான் போட்ட மாதிரியே போட்டிருக்கீங்களே!" மனைவி கன்னத்தில் கை வைத்தாள். கன்னம் பளபளவென்றிருந்தது.

அவளையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"தூக்கத்துல தின்னே செத்துருவேன் போலிருக்கு, டாக்டர்."

நர்ஸ் எடை பார்த்தாள். "மூணு கிலோ குறைஞ்சிருக்கு, சார்."

"தின்னு இளைக்கற ஆளை இப்பதான் பார்க்கறேன்" என்றார் டாக்டர்.

"அப்ப அத்தனை வெண்ணெயும் எங்கதான் போச்சு?" என்று அடுப்புக்காரர் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி சுவரில் தொங்கிய குடல் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து எடை எந்திரத்தில் ஏற்றினாள். முள் ஆடி நின்றது.

"பயப்படாதீங்க சார், உங்க மூணு கிலோ எங்கயும் போகல, அக்காகிட்ட பத்திரமா இருக்கு, நீங்க எந்திரிங்க, அந்த நாற்காலி இனி அவங்களுக்கு" என்றாள் நர்ஸ்.