ஏணி மேல் வாங்கிய பதில்கள்

தரையில் நின்றுகொண்டு உண்மை பேச மாட்டேன் என்று அடம்பிடித்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஏற்காட்டு மலைக்காரர் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. மாரமங்கலத்திலிருந்து காப்பி எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்க வருவார். டீ குடிக்கப் போனாலும் தோளில் மூங்கில் ஏணி இருக்கும். ஊரே அவரை ஏணிக்காரர் என்றுதான் கூப்பிட்டது.

எண்பதுகளில் நான் சேலத்தில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளர். வேலை செய்கிற இடம் மனசை என்ன பாடு படுத்துகிறது என்று கேட்கும் வெளிநாட்டு வினாத்தாள் ஒன்றை ஒரு வருஷம் மல்லுக்கட்டித் தமிழாக்கியிருந்தேன். அது நம் ஜனங்களிடம் செல்லுபடியாகுமா என்று சோதிக்கத்தான் மலையேறினேன். வேலை அதிகமா என்று கேட்டேன். "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். திட்டுகிறார்களா என்று கேட்டேன். அதற்கும் "நல்லா இருக்குதுங்க"தான். எல்லாத் தாளும் ஒரே மாதிரி. "இன்னொரு தடவை இப்படி வந்தால் குப்பையில் போட்டுவிடுவேன்" என்றார் பேராசிரியர். மறுபடி மலையேறிப் போய் ஏணிக்காரரிடம் புலம்பினேன்.

ஏணிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, ஆள்கணக்கு எழுதற ரைட்டர் குடையப் புடிச்சுட்டுப் பக்கத்துல நின்னா, மாடுகூட நல்லா இருக்கறனுங்கன்னுதான் சொல்லும். மேல வாங்க."

"மேலயா?"

"நொம்ப உசரமில்லீங்க. ரைட்டர் காதுக்கு எட்டாத உசரந்தான்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடிக்கு இந்தப் பக்கம் ஓர் ஏணியில் நான், அந்தப் பக்கம் இன்னொன்றில் அவர். மடை திறந்தாற்போலப் பேசினார். காற்றில் பறந்த வெற்றுத்தாள் ஒன்று நேரே ரைட்டரின் குடைமேல் போய் உட்கார்ந்தது.

"அங்க என்ன பேச்சு?" கீழிருந்து ரைட்டர் கத்தினார்.

"அம்மிணிக்கு மிளகு பறிக்கச் சொல்லித் தாரனுங்க!"

மறுநாள் காப்பிப்பழம் பறிக்கிற பெண்கள்கூட ஏணியடியில் வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு விதமாகப் பேசியது.

இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளை அதே ஆட்களிடம் கேட்க வேண்டும். பதில்கள் ஒத்துப்போனால்தான் வினாத்தாள் தேறும். "அப்ப மொதல்ல சொன்னது பொய்யின்னு நெனச்சுட்டீங்களா?" என்று ஏணிக்காரர் கோபித்துக்கொண்டார். ஆனாலும் ஏறினார்.

வினாத்தாள் தேறிவிட்டது! ஆனால் ஏணிக்காரரின் ஒரு பதிலைப் பேராசிரியர் சிவப்பு மையால் சுழித்திருந்தார். "உங்கள் வேலையைப் பற்றி யாராவது உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டதுண்டா?" முதல் முறை, இல்லை. இரண்டாம் முறை, உண்டு. எது சரி என்று கேட்டுவரச் சொன்னார்.

மறுபடி பஸ் ஏறிப் போனேன். ரைட்டர் குடையோடு மரத்தடியில் நின்றார். "ஏனுங்கண்ணா, யாராவது அபிப்பிராயம் கேட்டாங்களான்னதுக்கு ஏன் பதில மாத்திச் சொன்னீங்க?" என்று அண்ணாந்து கேட்டேன்.

ஏணிக்காரர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"மொதத் தடவ கேட்டப்ப, அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லீங்க. அப்பறம்தான் நீங்க கேட்டீங்களே, அம்மிணி."

ரைட்டர் காதில் விழும்படி, தரையில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார்.