விசாரிக்காமல் காசு போடக்கூடாது

“அக்கா, காசை உள்ளை தள்ளாதேங்கோ!”

லாசர் கல்லாவை விட்டுப் பாய்ந்து வந்து மெஷினுக்குக் குறுக்கே நின்றார். சார்செலிலிருந்து ரயிலேறி வந்த மரியமலரின் கையில் ஐம்பது யூரோத் தாள்.

பாரிஸின் லா சப்பலில் லாசருடைய கடைக்குள் ஒருகாலம் ரெலிபோன் கூடுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையென்றால் திருவிழாதான். கண்ணாடிக்கு உள்ளே ஊரோடு பேசி அழுகிறவர்கள். வெளியே, “கெதியா முடியுங்கோவன்” என்று தட்டுகிறவர்கள். கூடுகள் போன இடத்தில் இப்போது, போட்ட காசை எந்த நாட்டுக்கும் அனுப்புகிற கிரிப்டோ மெஷின். வயதானவர்கள் சிலர், சொந்தக்காரர் போலக் காசு கேட்ட கள்ளரை நம்பி அதில் காசைக் கொட்டிய பிறகு புது விதி வந்திருந்தது: கடைக்காரர் விசாரித்த பிறகே காசு போடலாம், தவறினால் மெஷினைத் தூக்கிவிடுவார்கள்.

“ஆருக்கு அனுப்புறியள்?”

“மன்னாரிலை தம்பி ஸ்ரீபனுக்கு.”

“கேட்டது அவர்தான் எண்டு நிச்சயமோ?”

“நீர்தான் கேட்டுப் பாருமன்.” நம்பரை மனப்பாடமாக ஒப்புவித்தார் மரியமலர்.

லாசர் கடைப் போனில் எடுத்தார்.

“காசோ? நான் கேக்கேல்லையே!” என்றார் ஸ்ரீபன்.

லாசர் போனை நீட்டினார். “அக்கா, இது கள்ளற்றை வேலை! நீங்களே கதையுங்கோ.”

மரியமலர் போனை வாங்கிக் காதோடு அணைத்துக்கொண்டார். பிறகு, “சாப்பிட்டியோ?” என்றார்.

மறுநாளும் அதே தாளோடு வந்தார்.

“நேற்றுத்தானே அக்கா, கள்ளரெண்டு சொன்னனான்!”

“இண்டைக்குக் கேட்டவன் உண்மையான ஸ்ரீபன் போலை கிடக்கு. எதுக்கும் கேட்டுப் பாருமன்.”

இம்முறை தம்பி, தம்பி பெண்சாதி, பிள்ளைகள் என்று வீடே வரிசையாக மரியமலரோடு பேசி முடித்தது.

அதற்கடுத்த நாள் லாசர் மெஷினின் வயரைப் பிடுங்கி வைத்தார். “பழுது, அக்கா.”

“பரவாயில்லை. விசாரணையை முடியும், திருத்தினாப் பிறகு போடுறன்.” கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் மரியமலர்.

மரக்கறி வாங்கப் போன புஸ்பராணியும் எட்டிப் பார்த்தாள். “லாசர் அண்ணை, எனக்கும் என்ரை மச்சாளிலை ஒரு சந்தேகம். எடுத்துத் தாறியளோ?”

லாசர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். “ஸ்ரீபன், உம்மடை அக்காவின்ரை காசு போகப்போகுது! என்னாலை மறிக்க ஏலாது. நீராவது கண்டிச்சுச் சொல்லும்!”

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

“அண்ணை, காணி பிரிக்கேக்கை வந்த சண்டையோடை அக்காவின்ரை நம்பரை நான் புளொக் பண்ணிப்போட்டன், இப்ப திறக்க வெக்கமாக் கிடக்கு, நாளைக்கும் வந்தா, உங்களைக் கும்பிட்டன், சந்தேகப்படுங்கோ.”