தோல் நானூற்றுப் பதினெட்டு

அன்பு மகள் யோகலட்சுமிக்கு, ஆம்பூரிலிருந்து பெரியம்மா செண்பகம் எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். போனில் சொன்னால் நடுவில் பேசிவிடுவாய் என்றுதான் கடிதம்.

“ஒரு ஆய்விதழ் வளர்ந்திருக்கா இல்லையான்னு எப்படி பெரியம்மா கண்டுபிடிக்கிறது?” என்று சித்திரையில் கேட்டாய். நீ ஆசிரியராக இருக்கும் மேலாண்மை ஆய்விதழை நிறுத்திவிடலாம் என்று உங்கள் கல்லூரிச் செயலாளர் ஷபீ அஹமது சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. “நம்ம ஊர் தொழிலைப் பத்தி இன்னாதான் எழுதுறாங்க? படிச்சா பேஜார்தான் ஜாஸ்தி” என்றாராம். தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர் வேறெப்படிக் கேட்பார்? பன்னிரண்டு வருட இதழ்களையும் கணினியில் திறந்து, தேடும் பெட்டியில் ‘தோல்’ என்று போட்டேன். முதல் ஆறு வருடத்தில் முப்பத்தொன்று, பின் ஆறு வருடத்தில் நானூற்றுப் பதினெட்டு. ‘இதழ் நம் மண்ணை நோக்கி வளர்ந்திருக்கிறது’ என்று அறிக்கை எழுதினேன். அவரும் குளிர்ந்துபோய், இதழை நடத்தச் சொன்னதோடு, தோல் கட்டுரைகளை எல்லாம் ஒரே புத்தகமாகப் போட்டு வெளிநாட்டு விருந்தினருக்குத் தரலாம் என்றார். தொகுக்கிற வேலையும் என் தலையில். உட்கார்ந்து திறக்கிறேன்: ‘ஊக்கத்தொகைத் திட்டத்தின் தோல்வி’. அடுத்தது ‘தோல்வியடைந்த தலைமை’. அதற்கடுத்தது ‘தோல்வியிலிருந்து மீளாத மூன்று நிறுவனங்கள்’. வகுப்பில் ‘மணி’ என்று கூப்பிட்டால் மணிமாலா, மணிவண்ணன், பாலமணி என்று பாதி வகுப்பு எழுந்து நிற்குமே, அந்தக் கதைதான். புள்ளி போய்த் தோலை, தோலின் என்று வந்ததைத் தேடும் பெட்டி தொடவே இல்லை. முப்பத்து நான்கு வருஷம் வேற்றுமை உருபு நடத்தினவளுக்கு இது தேவையா சொல்லு. கையால எண்ணினேன். தோல் கட்டுரை மொத்தம் மூணு. அதுல ஒண்ணு, கேன்டீன்ல வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தவங்களைப் பத்தினது.

திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. இத்துடன் உள்ள அறிக்கைத் திருத்தத்தை அதற்குள் அவரிடம் கொடுத்துவிடு. இதழ் நின்றால் பழி என்னுடையது, உன்னுடையதல்ல. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எல்லா நலமும் பெற்று, வேளைக்குச் சாப்பிட்டு இருங்கள்.

உன் பெரியம்மா,
செண்பகம்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஷபீ அஹமதே போன் செய்தார். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், “டீச்சர், தோல் வேற, தோல்வி வேறன்னு நாப்பது வருஷமா தோல் பண்றவன்கிட்டயா சொல்றீங்க? கப்பல்ல போன சரக்கு ஏன் திரும்பி வந்ததுன்னு ஒரு கட்டுரை இருக்கே, அது அப்படியே நம்ம கம்பெனி. தோல்விக் கட்டுரைங்களாவே புஸ்தகத்தைப் போடுங்க. ஆனா முதல் ஆறு வருஷம் வெற்றி வெற்றின்னே எழுதித் தள்ளினாங்களே, அது எத்தனைன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க” என்றார். ஆகவே திருத்தத்தைக் கிழித்துப் போடு. தேடும் பெட்டியில் ‘வெற்றி’ என்று போட்டு, வருவதில் வெற்றிடத்தையும் வெற்றிலையையும் கழித்துவிட்டு, மிச்சம் எத்தனை என்று எனக்கு எழுது.